நடுகல்லும் வீரன் உடலும்

போரிற் பட்ட வீரனுக்குக் கல் நட்டு அதனை வழிபடுதல் தமிழர்தம் பழைய வழக்கு. அக்கல் நடுகல் எனவும் வீரக்கல் எனவும் வழங்கும். இக்காலத்து இதனைப் பற்றி எழுதுவோர் பலர், ‘நடுகல்லாவது வீரனின் கல்லறை’ என்று கூறிச் செல்கின்றனர். கல்லறையாவது உடல் அடக்கம் செய்யப்பெற்ற இடம். நடுகல்லின் கீழ் உடல் இருந்ததா? இருந்ததாயின் எப்போதும் இருந்ததா? இல்லையாயின் அக்கல் எதனைத் தாங்கி நின்றது? இவ்வினாக்களுக்கு இலக்கியமும் கல்வெட்டும் தரும் விடையைத் தொகுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம். சொல்லொன்றின் பொருளைத் திருத்துவதோடு இவ்வாராய்ச்சி அமைவதன்று. நம் முன்னோர் வீரனுக்குச் செய்த சிறப்பு அவன் உடலுக்கா, பெயருக்கா என்பதும் இதனுள் அடங்கியிருக்கின்றது.

உடலை ஒழித்த முறைகள்

முதற்கண் பண்டைத் தமிழர் இறந்தோர் உடலை யாது செய்தனர் என்பதனைக் காண்போம். மணிமேகலை, சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் ஐவகை முறைகளைக் கூறுகின்றது. உடலை எரித்தல், வாளா இட்டுவிடுதல், குழி தோண்டிப் புதைத்தல், தாழ்ந்த இடத்தே வைத்து அடைத்தல், தாழியிற் கவித்தல் என்பன அவை. இவ்வைந்தனுள் கல் நடுதல் கூறப்படவில்லை. சாத்தனார் மறந்தார் எனல் பொருந்தாது. கல் நடுதல் உடலை ஒழிக்கும் முறைகளுள் ஒன்றாக எண்ணப்படவில்லை என்பதே பொருத்தமாம்.

புறநானூற்றிலும் இவ்வேறுபாடு காணப்படுகின்றது. கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடிய பாட்டில் (228) குயவன் வனைய வேண்டிய தாழி பேசப்படுகின்றது. நம்பி நெடுஞ்செழியன் மறைந்தபோது பேரெயில் முறுவலார் பாடியது (239) இன்னும் கருதத்தக்கது. அவன் நுகர்ந்த இன்பங்களையும் ஆற்றிய வினைகளையும் நிரலே எண்ணிக் கூறிய புலவர், இறுதியில், இத்தகையவனைப் புதைத்தாலும் எரித்தாலும் ஒன்றே, புகழை விரும்பியவன் தலை எவ்வாறாயினும் ஆகுக என்னும் கருத்துப்பட முடிக்கின்றார். செய்யவேண்டியன எல்லாம் செய்து முடித்தவனுக்கு உடலின் முடிவு பொருட்டன்று என்னும் எண்ணம் அக்காலச் சான்றோரிடத்து இருந்ததென்பது இதனால் தெளிவாம்.

அதியமானின் ஈமமும் கல்லும்

ஒரே வீரனுக்கு ஈமமும் கல்லும் இரண்டும் அமைந்தமைக்குச் சான்று உண்டா எனின், உண்டு. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டுக்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றுள் 231ஆம் பாட்டு அவனுடைய உடல் ஈமத்தீயில் எரிவதைக் காட்டுகின்றது. அத்தீ உடலை அணுகினும் அணுகுக, விண்ணுற நீளினும் நீளுக, அவன் புகழ் மாயாது என்பது அப்பாட்டின் கருத்து. அடுத்த 232ஆம் பாட்டில் ஈமம் இல்லை, கல் இருக்கின்றது. கல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்திலே கள்ளை வார்க்கின்றனர். மலை சூழ்ந்த நாடு முழுவதையும் பகைவர் கொடுத்தபோதும் கொள்ளாதவன் இச்சிறு கள்ளைக் கொள்வானோ என்று ஔவையார் நெஞ்சு கலங்குகின்றார்.

இவ்விரு பாட்டுக்களும் அதியமானைப் பாடியன என்பது அவற்றின் அடிக்குறிப்பால் அறியப்படுகின்றது. அக்குறிப்பைக் கொள்வோமாயின், உடல் தீயில் ஒழிந்தது, பின்னர்க் கல் நடப்பட்டது என்பது தானே போதரும். எரிந்த உடலுக்குக் கல்லறை என்பதொன்றில்லை. ஆயினும் கல் நின்றது. ஔவையாரின் துயரத்திற்கும் இதுவே காரணமாம். பெருந்தீயில் ஒழிந்த பேருருவத்திற்கும் இன்று கள் ஏற்கும் இச்சிறு கல்லுக்கும் இடையே உள்ள தொலைவை அவரால் பொறுக்க இயலவில்லை.

வடமோதங்கிழார் கூறும் மூன்றிடங்கள்

இவ்வாராய்ச்சிக்கு யாம் தலையாய சான்றாகக் கொள்வது புறநானூற்று 260ஆம் பாட்டு. பாடியவர் வடமோதங்கிழார். தன்னூர் ஆனிரையைப் பகைவர் கவர்ந்தபோது, அதனை மீட்டுத் தந்து தான் அம்புபட்டு வீழ்ந்த ஒருவனைப் பற்றியது அது. அவன் பெயர் பாட்டில் இல்லை. அவனைக் காண வந்துகொண்டிருந்த பாணனுக்கு வழியிடையே சொல்லப்பட்ட செய்தியாக அது அமைந்திருக்கின்றது.

அப்பாட்டின் முடிவில் புலவர் மூன்று பொருள்களை மூன்றிடங்களில் வைத்துக் காட்டுகின்றார். வீரன், தோலுரித்த பாம்பு போல, அடைதற்கரிய உலகை அடைந்தான். அவன் உடலோ காட்டுச் சிற்றாற்றின் கரையில், அம்புகள் தைத்த இலக்குப் போல ஆடி, அங்கேயே வீழ்ந்துவிட்டது. அவன் பெயர், துணியாற் பந்தலிட்டு மயிற்பீலி சூட்டிய கல்லின்மேல் இருக்கின்றது. உயிர் சென்ற இடம் ஒன்று, உடல் கிடந்த இடம் வேறொன்று, பெயர் நின்ற இடம் மற்றொன்று. கல்லுக்கு உரியது பெயரேயன்றி உடலன்று என்பதை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது.

பதுக்கை என்னும் தடை

இனி இக்கருத்துக்கு எழும் தடையையும் ஆராய்தல் வேண்டும். நடுகல் பதுக்கையோடு சேர்ந்து வரும் இடங்களும் சங்க இலக்கியத்தில் உள்ளன. பதுக்கையாவது இறந்தோர் உடலை மூடிய கற்குவியல். உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடிய புறப்பாட்டில் (264) பரற்கற்கள் நிறைந்த நிலத்தில் பதுக்கையைச் சேர்த்துக் கண்ணியும் பீலியும் சூட்டிப் பெயர் பொறித்துக் கல் நட்டனர் என்னும் செய்தி வருகின்றது. கறவையைக் கன்றோடு மீட்டுத் தந்தவன் மறைந்ததை அறியாமல் பாணர் சுற்றம் இன்றும் வருமோ என்று புலவர் இரங்குகின்றார். குடவாயிற் கீரத்தனாரின் அகப்பாட்டிலும் (35) மறவர் பதுக்கையில் உறையும் கடவுளைப் பேணும்பொருட்டு நடுகல்லுக்குப் பீலி சூட்டித் துடி முழக்கிக் கள்ளொடு பலியும் கொடுக்கின்றனர். ஆகவே கல்லும் கல்லறையும் ஒன்றே எனச் சிலர் கருதுதல் கூடும்.

அற்றேல், பதுக்கை யார் யார்க்கு அமைந்தது என்று காண்போம். அகநானூற்றில் (109) பாலைநில வழியில் ஆறலைப்போரின் அம்பால் வீழ்ந்தோர்க்குத் தழையிட்டு மூடிய பதுக்கைகள் எண்ணிறந்தன என்று கூறப்படுகின்றது. இவ்வாறு இறந்தோர் வழிச்செல்வோர். வீரம் காட்டி மாண்டோர் அல்லர். அவர்க்குப் பதுக்கை உண்டு. பீலி இல்லை, பலி இல்லை, பெயர் இல்லை. பதுக்கை உடலுக்குச் செய்யும் கடமை. கல் வீரத்திற்குச் செய்யும் சிறப்பு. முன்னது எவர்க்கும் உரியது. பின்னது சிலர்க்கே உரியது. இரண்டும் ஓரிடத்தில் அமைந்தபோதும் அவை தம்முள் வேறாதலை 264ஆம் பாட்டே காட்டுகின்றது. பதுக்கை சேர்த்தபின் அதனோடு நில்லாது, பெயர் பொறித்த கல்லையும் நட்டனர். பதுக்கையே சிறப்பாயின் கல் வேண்டப்படாது.

புலிமான்கோம்பைக் கற்கள்

நெடுங்காலமாக நடுகல்லுக்கு இலக்கியச் சான்று பழையதாகவும் கிடைத்த கல் பிற்பட்டதாகவும் இருந்தன. அவ்விடைவெளி 2006ஆம் ஆண்டில் நீங்கியது. தேனி மாவட்டத்தில் வையையாற்றை அடுத்த புலிமான்கோம்பை என்னும் ஊரில், தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவை கிறித்து பிறப்பதற்கு முற்பட்டவை என்பது எழுத்தமைதியால் துணியப்பட்டது. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் பட்ட அந்தவன் என்பானுக்குரிய கல் என்று பொருள்படுகின்றது. பகைவர் ஆனிரையைக் கவர்தலைக் குறிக்கத் தொல்காப்பியம் ஆளும் ‘ஆகோள்’ என்னும் சொல்லே அக்கல்லில் காணப்படுகின்றது. இலக்கண நூலின் துறைப்பெயர் ஒரு சிற்றூர் வீரனின் கல்லில் நிற்பதைக் காணும்போது, அந்நூல் கூறுவது வாழ்க்கையோடு ஒட்டியது என்பதில் ஐயமில்லை.

இக்கற்களில் உருவம் இல்லை, எழுத்தே உண்டு. வீரனைக் காட்டும் சிற்பமோ, படைக்கலமோ பொறிக்கப்படவில்லை. சங்கப் பாட்டுக்கள் நடுகல்லைப் பற்றிக் கூறுமிடத்தும் பெயரையும் பெருமையையும் எழுதுதலையே கூறுகின்றன. அகநானூற்றின் இரு பாட்டுக்கள் (67, 131) வழிதோறும் நின்ற இத்தகைய கற்களைக் காட்டுகின்றன. அவற்றின் முன் வேலை ஊன்றிக் கேடயத்தைச் சார்த்தி வைத்திருத்தலால், அவ்விடம் பகைவர் போர்முனை போலத் தோன்றியதாம். வழிதோறும் என்பது கருதத்தக்கது. உடலைக் காப்பது நோக்கமாயின் கல் வழியில் நிற்கவேண்டுவதில்லை. வருவோரும் போவோரும் படிக்கவேண்டும் என்பதற்காகவே அது வழியில் நின்றது.

கல் கொண்டு வந்த முறை

தொல்காப்பியர் புறத்திணையியலில் கல் நடுதற்கு ஆறு நிலைகளைக் கூறினார். தக்க கல்லைத் தேடிக் காணுதல் காட்சி. அதனைக் கொள்ளுதல் கால்கோள். நீரில் ஆட்டுதல் நீர்ப்படை. நிறுத்துதல் நடுதல். சிறப்புச் செய்து படையலிடுதல் பெரும்படை. போற்றுதல் வாழ்த்தல். இவ்வாறனுள் ஒன்றேனும் உடலைப் பற்றியதன்று. கல்லே தேடப்படுகின்றது, கல்லே நீராட்டப்படுகின்றது, கல்லே வாழ்த்தப்படுகின்றது. இறந்தோர் உடலுக்குச் செய்யும் நீராட்டு முதலிய கடன்கள் இங்கே கல்லுக்கு மாறியுள்ளமையைக் காண்கின்றோம். உடலின் இடத்தைக் கல் எய்தியது என்பதே இதன் பொருளாம்.

இளங்கோவடிகள் வஞ்சிக் காண்டத்துக் காதைகளுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்று இந்நிலைகளின் பெயர்களையே இட்டார். செங்குட்டுவன் இமயத்திற் கல் கொண்டு, கங்கையில் நீராட்டி, வஞ்சியில் நிறுவினான். கண்ணகியோ மலைநாட்டில் வேங்கை நிழலில் நின்று விண்ணுலகு சென்றவள். அவள் உடல் எங்கும் அடக்கம் செய்யப்படவில்லை. ‘அது காப்பியம், வரலாறன்று’ எனின், ஆகுக. உடலின்றியும் கல் நடலாம் என்னும் எண்ணம் கேட்போர்க்கு இயல்பாகத் தோன்றியிராவிடின் அடிகள் அதனைக் காப்பியத்தின் ஒரு காண்டமாக விரித்திரார். வீரர்க்கு உரிய சிறப்பைப் பத்தினிக்கு உரியதாக்கினாரேயன்றிக் கல்லின் இயல்பை அவர் மாற்றவில்லை.

பல்லவர் காலத்து நடுகற்கள்

அடுத்து வரும் காலத்துக்குச் செங்கம், தருமபுரிப் பகுதிகளில் கிடைத்த கற்கள் பெருந்துணை புரிகின்றன. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972ஆம் ஆண்டில் செங்கம் நடுகற்களைத் தொகுத்து வெளியிட்டது. வட்டெழுத்தில் அமைந்த இக்கற்களில் வீரன் வில்லும் அம்பும், அல்லது வாளும் ஏந்திப் பொருகின்ற உருவமும் செதுக்கப்பட்டிருக்கும். பலவற்றில் காலருகே கலமொன்று காணப்படும். ஔவையார் காட்டிய சிறு கலத்தை அது நினைவூட்டுகின்றது.

இக்கல்வெட்டுக்களின் அமைப்பு பெரும்பாலும் ஒருபடித்தானது. முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் வரும். பின் அப்பகுதித் தலைவன் பெயரும், ஊர்ப்பெயரும், நிகழ்ந்த பூசலும், வீரன் பெயரும் வரும். இறுதியில் ‘பட்டான் கல்’ என்று முடியும். ஆனிரையைக் குறிக்கத் ‘தொறு’ என்னும் சொல் வழங்கும். தொறு மீட்டுப் பட்டான், தொறுக் கொண்டு பட்டான் என இருதிறத்தார்க்கும் கல் உண்டு. ‘பட்டான் கல்’ என்னும் தொடரை ஊன்றி நோக்குக. இன்னான் இங்கே கிடக்கின்றான் என்று அது கூறவில்லை. இன்னான் இன்ன செயலில் பட்டான், இது அவன் கல் என்றே கூறுகின்றது. பல்லவ வேந்தன் பெயர் தலைப்பில் நிற்பினும், அது காலத்தைக் குறிக்கவே நிற்கின்றது. கல்லுக்கு உரியவன் ஊர் அறிந்த ஒரு சேவகனே.

இதற்கு எடுத்துக்காட்டாக எடுத்தனூர்க் கல்லைக் கூறலாம். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த அக்கல், எருமைகளைக் காக்கப் பொருது பட்ட கருந்தேவக்கத்தி என்பானுக்கு உரியது. அவன் அரசனும் அல்லன், தலைவனும் அல்லன். தலைவர் குடியினர்க்கு ஏவல் செய்தவன். அவன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அக்கல்லில் உள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுத்துக் கூறுகின்றது. செயல் சிறந்ததாயின் நாயின் பெயரையும் கல்லில் பொறித்தனர். பெயர் பெறுதற்குக் குலமோ பதவியோ வேண்டப்படவில்லை. செயல் ஒன்றே வேண்டப்பட்டது.

கால்நடை காத்தல் ஊர்ப்பூசலாக மட்டும் இருந்ததன்று. நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த ஆம்பூர்க் கற்கள், நுளம்பன் படை வந்து தொறுக் கொள்ள, அதனை எதிர்த்துப் பட்டாரைக் குறிக்கின்றன. வேற்றரசன் படையெடுப்பின் தொடக்கமே நிரைகோடலாக இருந்தமை இதனாற் புலனாகின்றது. இவ்வாறு பட்டோர் குடும்பத்தார்க்கு நிலம் கொடுத்தலும் உண்டு. அந்நிலம் உதிரப்பட்டி எனவும் நெய்த்தோர்ப்பட்டி எனவும் வழங்கிற்று. இரண்டும் குருதியின் பொருட்டு விடப்பட்ட நிலம் என்னும் பொருளனவே. கல் இறந்தவன் பெயரைக் காத்தது. நிலம் அவன் மனைவி மக்களைக் காத்தது. பின்னது இல்லாத வழி முன்னது வெறுஞ்சொல்லாய்விடும் என்பதை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர்.

பள்ளிப்படையினின்றும் வேறாதல்

இங்கே பள்ளிப்படையையும் சுட்டுதல் தகும். இறந்த அரசரின் நினைவாக எடுத்த கோயில் பள்ளிப்படை எனப்பட்டது. ஆற்றூர்த் துஞ்சின தேவராகிய அரிஞ்சயனுக்கு, அவன் பெயரனாகிய முதல் இராசராசன் மேல்பாடியில் எடுத்த அரிஞ்சிகை ஈச்சரம் இதற்குத் தக்க சான்றாம். அரசர்க்கு அவர் வழித்தோன்றல் கற்றளி எடுத்தான். வீரனுக்கு ஊரார் தனிக்கல் நட்டனர். முன்னது பிறப்பால் வந்த சிறப்பு. பின்னது இறப்பால் வந்த சிறப்பு. இவ்விரண்டனையும் ஒன்றாக்கிக் ‘கல்லறை’ என்னும் ஒரு சொல்லால் வழங்குதல், இடையே உள்ள இவ்வேறுபாட்டை மறைத்துவிடும்.

எழுத்து மாய்தல்

பெயரே கல்லின் உயிராயின், எழுத்து அழியும்போது நிகழ்வது யாது? இவ்வினாவைச் சங்கப் புலவரே எழுப்பியிருக்கின்றார். மதுரை மருதன் இளநாகனார் பாட்டொன்றில் (அகம் 297) ஆடவர் அம்பு தீட்டியதால் நடுகல்லின் பக்கம் தேய்ந்து கிடக்கின்றது. வழிச்செல்வோர் அதன் எழுத்தைத் தொடர்ந்து படிக்கமாட்டாது களைப்போடு விட்டுச் செல்கின்றனர். அவரே மற்றொரு பாட்டில் (343), கோடுகள் மறைந்த எழுத்து, படிப்போர்க்கு வேறு பொருள் தருவதைக் காட்டுகின்றார். வீரன் தன் உடலை இழந்தான். காலத்தால் பெயரையும் இழக்கின்றான். முதல் இழப்பைக் கல் ஈடு செய்தது. இரண்டாம் இழப்பை ஈடு செய்ய வேறொன்றும் இல்லை. பாலையின் கொடுமையைக் கூறவந்த புலவர், அங்குக் காணும் கொடுமைகளுள் ஒன்றாக இதனையும் வைத்தார்.

தருமபுரி, செங்கம் பகுதிகளில் இக்கற்கள் பல இன்று வேடியப்பன் என்னும் தெய்வமாக வழிபடப்படுகின்றன. பொங்கலிட்டுப் பலி கொடுக்கும் மக்கள் அதில் எழுதியிருப்பதை அறியார். வட்டெழுத்து வழக்கொழிந்தபின் அதனைப் படிக்க வல்லார் ஊரில் இலர். வீரர் பலர்க்கும் உரிய தனிப்பெயர்கள் மறைந்து, அனைவர்க்கும் பொதுவாகிய ஒரு பெயரே எஞ்சியது. இதனை அறியாமை என்று இகழ்தல் ஆகாது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேலாக அக்கற்களைப் பெயர்த்து எறியாமல் காத்தது அவ்வழிபாடே. எழுத்தைப் படித்தோர் காவாததைப் படியாதோர் காத்தனர்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் யாம் துணிவன இவை. நடுகல் தொடக்கத்தில் சிலவிடத்துப் பதுக்கையை ஒட்டி நின்றது. ஆயினும் அப்போதும் அதனின் வேறாகவே மதிக்கப்பட்டது. உடல் எரிந்தவிடத்தும், காட்டில் ஒழிந்தவிடத்தும் கல் நடப்பட்டது. ஆகலின் நடுகல்லைக் கல்லறை என்றல் பொருந்தாது. பெயர் நின்ற கல் என்பதே பொருந்தும். அப்பெயர் பெரும்பாலும் வேந்தர் பெயரன்று. பிறர் ஆனிரைக்காகத் தன்னுயிரைக் கொடுத்த எளியோர் பெயர்.

இதனால் நமக்கு ஒரு கடமையும் எழுகின்றது. கல்லறையாயின் அதனை அமைதியாக விட்டுவைத்தல் அதற்குச் செய்யும் மதிப்பு. நடுகல்லுக்கு அது போதாது. படிக்கப்படுதற்கென்றே நட்ட கல்லைப் படிக்காமல் விடுதல் அதனைப் பெயர்த்தெறிதலை ஒக்கும். எழுத்து முற்றும் மாயுமுன் ஊர்தோறும் சென்று படியெடுத்து, அங்கு வழிபடும் மக்களுக்கும் அவ்வீரன் பெயரைச் சொல்லிவருதல் ஆராய்ச்சியாளர் கடனாம். வழிச்செல்வோர் படிக்கமாட்டாது விட்டுச் சென்றமையை மருதன் இளநாகனார் குறித்து வைத்தார். அவ்வழிச்செல்வோருள் நாமும் ஒருவராதல் கூடாது.